பெரியப்பாவின் ஒப்புதல்

சுவீ கெங் அலுவலகத்துக்குள் வந்தபோது நான் ஒரு புலிக்கு விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் காவல் தெய்வமான புலித் தளபதியின் சிலையில் முன்னங்கால் நகம் பெயர்ந்து, ஒட்டி வண்ணம் பூசக் கொடுத்திருந்தார்கள். ஆகவே அடுத்த மாத ஊர்வலத்தில் அவர் கலந்துகொள்ள இயலாது, அவருடைய கொடியை மட்டும் அவருடைய இடத்தில் அனுமதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருந்தால் மறு வருடம் புலியைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். பின்வரிசைக்குப் போன புலி அந்த வருடம் யாரைப் பிடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, செயலாளர் நான்தான்.

சிங்கப்பூர் தாவோ கோயில்களின் கூட்டமைப்பில் முப்பத்தோரு வருடமாக நான் செயலாளர். கூட்டமைப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊரில் உள்ள தெய்வங்களுக்கெல்லாம் வக்கீல், வீட்டுத் தரகர், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் எல்லாம் நாங்கள்தான். ஊதுபத்தி எத்தனை அடி உயரம் இருக்கலாம், கூத்து மேடை எந்தத் திடலில் போடலாம், எத்தனை மணிக்கு மேல் தாளம் தட்டக்கூடாது, எல்லாம் எங்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு கடல் தேவதை தன் வாசலுக்கு நேரே மேம்பாலம் வந்து கடலை மறைத்துவிட்டது என்று சாமியாடி மூலமாகப் புகார் கொடுத்தாள். உரிய அலுவலகத்துக்கு எழுதினேன். பாலத்தை நகர்த்தவில்லை, ஆனால் அவள் பக்கமுள்ள சுவரில் நீலச் சாயம் பூசிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை நரகத்து அதிகாரி ஒருவர் சாமியாடியின் உடம்பில் இறங்கி, தன் சன்னிதிக்கு ஏர்கான் வேண்டும் என்றார். "அங்க பழகின சூடுதானே ஐயா" என்றேன். "அதனாலதான்டா கேக்கறேன்" என்றார். போட்டுக் கொடுத்தோம்.

இப்படிப்பட்ட ஆள் நான். தெய்வங்களோடு பேசிப் பேசி எனக்குக் கொஞ்சம் துளிர் விட்டுப்போயிருந்தது என்று இப்போது தெரிகிறது.

சுவீ கெங்குக்கு அறுபத்தாறு வயது. கோழிக்குஞ்சு மாதிரி உடம்பு, ஆண்கள் போடும் ரப்பர் காலணி. இருபத்தொன்பது வருடமாக ஒரு துவா பெக் கோங் கோயிலின் காப்பாளர். துவா பெக் கோங் என்பவர் மண்ணுக்குச் சொந்தக்காரரான வெள்ளைத் தாடிக் கிழவர். எங்கள் ஆட்கள் உரிமையோடு பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சுவீ கெங்கின் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது. ஒரு தாளை என் மேசைமேல் வைத்து, அது பறந்துவிடாதபடி என் தேநீர்க் கோப்பையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"நான் வெலகிக்கறேண்ணே. கோயிலுக்கு வேற ஆளப் பாருங்க."

"கையில என்ன கட்டு?"

"லாரி லேசா ஒரசிடுச்சு. லாரிக்காரன் மேல தப்பில்ல. நான்தான் மேம்பாலத்து ஓரத்துல நின்னுக்கிட்டிருந்தேன்."

"மேம்பாலத்துல உனக்கு என்ன வேல? அது என்ன மார்க்கெட்டா?"

அவள் கட்டைத் தடவிக்கொண்டாள். "பெரியப்பாவக் கூப்பிடப் போனேன்" என்றாள்.

பிறகு அவள் சொன்னதெல்லாம் நின்ற நிலையிலேயே சொன்னதுதான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் பெரியப்பாவைப் பழைய இடத்திலிருந்து புதிய கூட்டுக் கோயிலுக்கு லாரியில் கொண்டுவந்தோம். தெய்வத்தைத் தூக்கிப் போகும்போது வழியில் ஆறோ பாலமோ வந்தால், 'பாலம் வருது, பிடிச்சுக்கோங்க' என்று அவர் காதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவார். வந்து சேருவது வெறும் மரக்கட்டைதான். சுவீ கெங் எல்லாப் பாலத்துக்கும் சொன்னாள். விரைவுச்சாலை மேம்பாலத்துக்குச் சொன்னாளா என்பதுதான் அவளுக்கு நினைவில்லை. அந்த நேரத்தில் மழை தூறியது, அவர் தலைக்கு மேல் துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். புதுக் கோயிலில் உட்கார வைத்த நாளிலிருந்து பெரியப்பா அவளுக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. குறி கேட்கும் இரண்டு பிறைக் கட்டைகளைத் தரையில் போட்டு எதைக் கேட்டாலும் இரண்டும் தட்டைப் பக்கம் மேலாக விழுகின்றன. அப்படி விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது என்று அர்த்தம். இன்று தேநீரா காப்பியா என்று கேட்டாலும் சிரிப்பு. ஆரஞ்சு வைக்கவா என்றாலும் சிரிப்பு. ஏழு மாதம்.

"உள்ள ஆளே இல்லண்ணே. பாலத்துலயே எறங்கிட்டாரு. அதான் தெனமும் காலையில போயி ஊதுபத்தி கொளுத்திக் கூப்பிடறேன். ரெண்டு தடவ போலீஸ்காரங்க வந்து நல்லபடியாச் சொல்லிட்டுப் போனாங்க. நேத்து லாரி. அவருக்கு எம்மேல கோவம். வேற யாராவது கூப்பிட்டா வருவாரு."

"நீ சொன்னேம்மா. மேம்பாலத்துக்கும் சொன்ன. நான் முன் சீட்டுலதான இருந்தேன், எங்காதால கேட்டேன்" என்றேன்.

அன்று நான் முன் இருக்கையில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வந்தேன். ஆனாலும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரு அடி முன்னால் வந்து, "ஏறும்போதா, எறங்கும்போதா?" என்று கேட்டாள்.

"ஏறும்போது."

"எறங்கும்போதும் சொல்லணுமேண்ணே" என்றாள். வெளிச்சம் போய்விட்டது. பொய்யில் கைதேர்ந்தவனுக்கும் இப்படி ஒரு நாள் வரும்.

அவள் போன பிறகு புலியின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரியும், பெரியப்பா மேம்பாலத்தில் இறங்கவில்லை. அவர் லாரியிலேயே ஏறவில்லை. அதற்கு நான்தான் சாட்சி; நான் மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது அது. சாயத் தொழிற்சாலைக்குப் பின்னால், தகரக் கூரையும் ஒரு பலாமரமும் மட்டுமே இருந்த பெரியப்பாவின் கோயிலை எடுத்துவிட்டுச் சாலை வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. இந்த ஊரில் தனிக் கோயிலுக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. இடம் போன கோயில்கள் மூன்று ஒன்றாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் முப்பது வருடக் குத்தகைக்கு ஒரு மனை கிடைக்கும். சேர்த்து வைப்பது கூட்டமைப்பின் வேலை, அதாவது என் வேலை. கல்யாணத் தரகரைவிடச் சிரமமான வேலை. கல்யாணத்தில் இரண்டே தரப்பு. குரங்கு தெய்வத்தின் கோயிலும் மூன்றாம் இளவரசர் என்கிற குழந்தைத் தெய்வத்தின் கோயிலும் தயாராக இருந்தன. மூன்றாவதாகப் பெரியப்பா. ஒரு குரங்கு, நெருப்புச் சக்கரத்தில் சுற்றுகிற ஒரு வாண்டு, ஒரு தாடிக் கிழவர் மூவரும் ஒரே கூரைக்குக் கீழே. ஒரு குடும்பம் மாதிரிதான் என்று நான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

சுவீ கெங் மட்டும், பெரியப்பா சரி என்றால்தான் கையெழுத்து என்றாள். அதில் நியாயம் இருந்தது. மற்ற தெய்வங்கள் வானத்தைச் சேர்ந்தவை, எங்கே வைத்தாலும் வானம் தெரியும். மண்ணின் கிழவர் அந்த மண்ணுக்கு மட்டும்தான் அதிகாரி. அவரை வேறிடத்தில் வைப்பது பக்கத்து ஊர்த் தபால்காரரைக் கொண்டுவந்து நம் தெருவில் விடுவது போல. எங்கள் படிவத்திலும் 'தெய்வத்தின் ஒப்புதல்' என்று ஒரு வரி உண்டு. அரசாங்கம் அதைக் கேட்பதில்லை. நாங்களே சேர்த்தது, நானே சேர்த்தது. முப்பது கோயில்களுக்கு மேல் அந்த வரியை நிரப்பியிருக்கிறேன். ஒப்புதல் வாங்காமல் டெக் சூன் திரும்பி வந்ததில்லை என்று என்னைப் பற்றிக் கூட்டங்களில் சொல்வார்கள். நான் கையை அசைத்து மறுப்பேன், இன்னொரு முறை சொல்லட்டும் என்பதற்காக.

அன்று கட்டைகளை அவளே போடுவாள் என்று நினைத்தேன். என் கையில் கொடுத்துவிட்டாள். "நான் போட்டா எங்கையில ஆச ஒட்டிக்கிட்டிருக்கும்ணே. நீங்க வெளியாளு, சுத்தமான கை. நீங்க போடுங்க" என்றாள்.

போட்டேன். ஒழுங்காகத்தான் போட்டேன். 'பெரியப்பா, புது எடத்துக்கு வரச் சம்மதமா' என்று வாயாலும் மனதாலும் ஒன்றையே கேட்டேன். இரண்டு கட்டையும் வளைந்த முதுகுப் பக்கத்தைக் காட்டின. முடியாது. ஊதுபத்தி பாதி எரியும்வரை காத்திருந்து மறுபடியும் போட்டேன். மறுபடியும் முதுகு. பின்னால் சுவீ கெங் நிம்மதியாக மூச்சு விட்ட சத்தம் கேட்டது. அப்புறம் என்னைப் பிடித்து உட்காரவைத்து, நூல் மாதிரியான மீ சுவா நூடுல்ஸைக் கோழிச் சாற்றில் வேகவைத்து, இரண்டு முட்டை போட்டுக் கொடுத்தாள். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு பெண் எனக்கு எதையும் பரிமாறியதில்லை. என் மனைவி உள்பட.

அந்த நேரத்தில் கூட்டமைப்பின் தலைவர் புவா போன் செய்தார். மின்தூக்கி பொருத்துகிற தொழில் அவருக்கு. எதையும் மேலே ஏற்றாமல் விடமாட்டார்.

"என்ன டெக் சூன், கெழவர் என்ன சொல்றாரு?"

"யோசிக்கறாரு."

"வெள்ளிக்கெழமை கடைசி நாளு. ரெண்டு கோயில் இவர நம்பித்தான் நிக்குது. கொரங்கும் வாண்டும் தெருவுல நிக்கணுமா? உன்னால முடியலன்னா சொல்லு, நான் வேற ஆள அனுப்பறேன்."

கடைசி வாக்கியம்தான் காரணம். குரங்குக்காகவும் வாண்டுக்காகவும்தான் செய்தேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், நம்பிக்கை வரவில்லை. வேற ஆளை அனுப்புவாராம்.

வழக்கப்படி மூன்றாவது வாய்ப்பு ஒன்று உண்டு என்று சுவீ கெங்கிடம் சொன்னேன். உண்டுதான். அவள் தலையாட்டினாள், அவளும் நியாயஸ்தி. நான் மண்டியிட்டு, கட்டைகளைப் புகையில் சுற்றி, "பெரியப்பா, புது எடத்துக்கு வரச் சம்மதமா?" என்று உரக்கக் கேட்டேன். மனதுக்குள் வேறு கேட்டேன். தெய்வம் காதால் கேட்பதில்லை, நெஞ்சால்தான் கேட்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் மனதுக்குள் கேட்டது இது: 'பெரியப்பா, நான் ஒரு திருட்டுப்பயல்னு உங்களுக்குத் தெரியும்தானே?'

ஒன்று தட்டை, ஒன்று முதுகு. ஆம்.

பெரிய விஷயத்துக்குத் தொடர்ந்து மூன்று 'ஆம்' வேண்டும். இரண்டாம் முறை. ஆம். மூன்றாம் முறை ஒரு கட்டை விளிம்பில் நின்று, தட்டாமாலை சுற்றி, நான் ஒரு மிடறு விழுங்கும் நேரம் விழாமல் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அது என்னைப் பார்த்தது. பிறகு விழுந்தது. ஆம்.

சுவீ கெங் பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "சரி, போறேங்கறாரு. போகட்டும்" என்றாள். படிவத்தில் அவள் கையெழுத்துப் போடும்போது, "முட்ட இன்னொண்ணு வேணுமாண்ணே?" என்று கேட்டாள்.

இதுதான் நடந்தது. ஆகவே அவள் மேம்பாலத்தில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஏழு மாதமும், கூப்பிட வேண்டிய ஆள் வேறெங்கோ பலாமரம் இருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். பதில் சொல்ல வேண்டிய ஆள் அலுவலகத்தில் உட்கார்ந்து புலிக்கு விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான்.

விலகல் கடிதத்தை நான் இழுப்பறையில் போட்டு மறந்திருக்கலாம். ஆனால் அவள் நகலைத் தலைவருக்கும் கொடுத்திருந்தாள். புவா போனில், "நல்லதாப் போச்சு, வயசாயிடுச்சு அந்தம்மாவுக்கு. முறப்படி கட்ட போட்டுக் கெழவர்கிட்டயே கேட்டுட்டு விடுவிச்சிரு. வியாழக்கெழம மத்தியானம் முடிச்சிரு" என்றார். காப்பாளர் விலகுவதற்கும் தெய்வத்தின் சம்மதம் வேண்டும். அந்த வரியையும் படிவத்தில் நான்தான் சேர்த்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கூட்டுக் கோயிலில் கூட்டமில்லை. நடுவில் குரங்கு, வலப்பக்கம் இளவரசர். அவர் பீடத்தில் மிட்டாயும் பொம்மைக் காரும் குமிழ் போட்ட பால் தேநீரும். பெரியப்பாவுக்குக் குலுக்கலில் விழுந்தது இடது மூலை, தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குப் பக்கம். மடக்கு மேசைகளை அந்த மூலையில் சாய்த்து வைத்திருந்தார்கள். குரங்கு கோயிலின் காப்பாளர் ஆ லெக், இரவில் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், பெரிய மனதுடன் மேசைகளை ஒரு சாண் நகர்த்திக் கொடுத்தான். "கெழவர் ரொம்ப அமைதிண்ணே. இருக்காரா இல்லையான்னே தெரியல" என்று என் காதில் சொன்னான். அவன் நல்லதாகத்தான் சொன்னான்.

சுவீ கெங் கட்டைகளைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். என்னிடம் நீட்டினாள். "நீங்களே போடுங்கண்ணே. அன்னிக்கு உங்க கைக்குத்தான் ஒத்துக்கிட்டாரு."

ஒரு நிமிடம் அவளையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். பேருந்தில் ஒத்திகைகூடப் பார்த்தேன். ஆனால் கட்டைகள் கைக்கு வந்ததும் பழைய புத்தி வந்துவிட்டது. எதற்கு உண்மை? இன்னொரு தந்திரம் போதுமே. இவளை விலக்க அவருக்குச் சம்மதம் இல்லை என்று விழவைத்துவிட்டால் போதும். 'பாத்தியா, உம்மேல கோவமே இல்ல, நீதான் வேணுங்கறாரு' என்று சொல்லிவிடலாம். அவள் மேம்பாலத்துக்குப் போகமாட்டாள். யாருக்கும் நட்டமில்லை, மூன்று கோயிலும் அப்படியே இருக்கும். நல்ல காரியத்துக்குத்தானே! இப்படித்தான் முப்பத்தோரு வருடமாக என் மூளை வேலை செய்கிறது. எண்ணெய் போட்ட மின்தூக்கி மாதிரி சத்தமே இல்லாமல்.

மண்டியிட்டேன். "பெரியப்பா, சுவீ கெங் வெலகிக்கச் சம்மதமா?" என்று உரக்கக் கேட்டேன். மனதுக்குள், 'பெரியப்பா, நான் திருந்திட்டேனா?' என்று கேட்டேன். 'இல்லை' என்றுதானே விழ வேண்டும். அதில் அவருக்கோ எனக்கோ சந்தேகம் இருக்க முடியாது.

இரண்டும் தட்டை. சிரிப்பு.

மறுபடியும் போட்டேன். சிரிப்பு. மூன்றாம் முறை கட்டை ஒன்று உருண்டுபோய் மடக்கு மேசைக்குக் கீழே விழுந்தது. ஆ லெக் குனிந்து பார்த்து, "தட்டதாண்ணே" என்றான்.

"பாத்தீங்களா" என்றாள் சுவீ கெங். அழவில்லை. பழகிப்போன குரல். "உங்க கைக்கும் இல்ல இப்ப. நான்தான்ணே. அன்னிக்கு மழையப் பாத்துக்கிட்டு அவர விட்டுட்டேன். இருபத்தொம்பது வருஷம் பாத்துக்கிட்டு, ஒரு பாலத்துல விட்டுட்டேன்."

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரியப்பாவின் தாடியைப் பார்த்தபடி சொன்னேன்.

"நீ விடல. அவரு லாரியிலயே ஏறல."

"என்னண்ணே?"

"அன்னிக்கு மூணாவது தடவ நான் வாயால ஒண்ணு கேட்டேன், மனசுல வேற கேட்டேன். அவரு மனசுல கேட்டதுக்குத்தான் ஆமான்னாரு. புது எடத்துக்கு வரேன்னு அவரு சொல்லவேயில்ல."

ஆ லெக் மேசையின் காலைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். அந்தக் குரங்கின் முப்பது வருடக் குத்தகையும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது என்பது அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"மனசுல என்ன கேட்டீங்க?" என்றாள் சுவீ கெங்.

சொன்னேன். ஒப்பனை எதுவும் இல்லாமல், கேட்டது கேட்டபடி.

"அதுக்கு மூணு தடவ ஆமான்னாரா?"

"மூணு தடவ."

அவள் சிரித்துவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட வேண்டிக்கொண்டேன் என்று சொல்லலாம். யாராவது சிரித்தால் நான் தப்பித்துக்கொள்வேன், வாழ்க்கை முழுக்க அப்படித்தான் தப்பித்திருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

"மொத ரெண்டு தடவ முடியாதுன்னாரே. அது ஒழுங்காப் போட்டதா?"

"ஒழுங்காப் போட்டது."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

அவள் விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள். மாதங்களாக இருக்கும். "லாரிக்காரன் இந்திய ஆளுண்ணே, சின்ன வயசு" என்றாள். "எறங்கி வந்து எங்கையப் பிடிச்சுக்கிட்டு அவனே அழுதான். நான் அவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்புனேன். தப்பு என்னோடதுன்னு சொல்லி." என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பெரியப்பாவைப் பீடத்திலிருந்து எடுத்தாள். ஒரு முழம் உயரம்தான் அவர். பழைய பலா மரத்தில் செய்தது, கனம். கட்டுப் போட்ட கையால் அவரைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தோளில் இருந்த துணியை அவிழ்த்து அவரை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, எங்கக்கா தூக்கிட்டுப் போறீங்க?" ஆ லெக் வழியில் வந்து நின்றான். அவன் குரல் உடைந்திருந்தது. "அவரு இல்லன்னா மூணு ரெண்டாயிடும்கா. எங்கள என்ன பண்ணச் சொல்றீங்க? எங்க ஐயா பாவம்கா. கொரங்குன்னாலும் தெய்வம்தானே."

"ஒங்க ஐயா மேல எனக்கு ஒரு கோவமும் இல்லடா தம்பி" என்றாள் சுவீ கெங். "நகரு. இவரக் கேக்காம கொண்டுவந்துட்டோம். அவரு எடத்துல வச்சுத்தான் கேக்கணும். வரேன்னு சொன்னா நானே திரும்பக் கொண்டுவரேன்."

"சொல்லலன்னா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் படிவத்தில் எந்த வரியில் வரும் என்று பார்ப்பதுபோல. படிவத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆ லெக் நகர்ந்தான்.

நான் பின்னாலேயே போனேன். அவள் என்னைக் கூப்பிடவும் இல்லை, வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கால்சட்டைப் பையில் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஆ லெக் தலைவரிடம் சொல்லியிருப்பான். இரண்டு கோயில்களின் ஆட்கள், மொத்தம் ஆயிரம் பேராவது இருப்பார்கள், எல்லாரும் அந்தப் பையில் இருந்து அடிப்பது மாதிரி தொடையில் அதிர்ந்தது. எடுத்து என்ன சொல்வது? கிழவர் யோசிக்கிறார் என்று இன்னொரு முறை சொல்ல முடியாது.

பேருந்தில் கூட்டம் அதிகமில்லை. மூத்தோர் இருக்கையில் இருந்த ஒருத்தர், கோயில் துணியில் கட்டிய தாடியைப் பார்த்துவிட்டு, வயதில் யார் மூத்தவர் என்று ஒரு கணம் யோசித்து எழுந்துகொண்டார். சுவீ கெங் ஜன்னலோரம் உட்கார்ந்து, துணியைத் தளர்த்தி, பெரியப்பாவின் முகம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்வாள் என்று மூன்று நிறுத்தம் பார்த்தேன். பிறகு ஒரு வயதான பெண் தன் கீரைக் கட்டுகளோடு வந்து அங்கே உட்கார்ந்தாள். பெரியப்பாவைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டாள்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க அவர?" என்று கேட்டாள் கீரைக்காரி.

"அவரு எடத்துக்கு" என்றாள் சுவீ கெங்.

"வேற எங்கயாவது போயிட்டாரா?"

"கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள். என் பக்கம் கையைக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. சாயத் தொழிற்சாலையின் சுவர் வந்தது. பச்சையாக இருந்த சுவர் இப்போது சாம்பல் நிறம். அதற்குப் பிறகு மூன்று தடச் சாலை, நடுவில் குச்சியில் கட்டி நிறுத்திய கன்றுகள், நடைபாதைகூடக் கிடையாது. தகரக் கூரை எங்கே இருந்தது, பலாமரம் எங்கே, மீ சுவா சாப்பிட்ட பெஞ்சு எங்கே என்று நான் தேடினேன். கண்ணுக்கு எதுவும் சிக்கவில்லை, எல்லாமே தார். சுவீ கெங் தேடவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்காமல், கிழவரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு இடத்தில், அவர் ஏதோ சொன்னதுபோல, கையை நீட்டி மணியை அழுத்தினாள்.

ஓட்டுநருக்கு மேலே, வண்டி நிற்கும் என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "ஆன்ட்டி, இங்க ஸ்டாப் இல்ல. அடுத்தது ரொம்பத் தள்ளி, சிக்னலுக்கு அந்தப் பக்கம்" என்றார்.

அவள் விரலை எடுக்கவில்லை. மணி விடாமல் அடித்தது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கீரைக்காரி கட்டுகளை மடியில் இழுத்துக்கொண்டு கால்களை ஒதுக்கி வழிவிட்டாள். "ஆன்ட்டி!" என்றார் ஓட்டுநர் மறுபடியும். ஆனால் வண்டியின் வேகம் குறைந்துவிட்டிருந்தது. நான் கம்பியை விட்டுவிட்டு, அவளோடு இறங்குவதற்காகக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். பின்னால் வந்த லாரிகள் ஒவ்வொன்றாக ஒலி எழுப்பிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போகத் தொடங்கின.